சாக்ஸில் இருந்த மணல்

மாதம் ஒரு கொலை என்று பதினோரு வருடம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குள் சென்னையிலிருக்கும் பதிப்பாளருக்குக் கையெழுத்துப் பிரதி போய்ச் சேர வேண்டும். அடுத்த மாத முதல் வாரத்தில் அது உள்ளங்கை அகலப் புத்தகமாகி, பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். அட்டையில் ஓர் ஆணின் பெயர் இருக்கும். நான் வைத்துக்கொண்ட பெயர்தான். வாசகர் கடிதங்கள் 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கும். காலையில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, மாலையில் ரெட்டியார்பாளையம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் கொலை. தெருவில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் என் கணவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். மகள் ஒரு வரிகூடப் படித்ததில்லை. "அம்மா அவங்க கொலை வேலைய பாக்குறாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் குறைப்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் என் எழுத்துக்கும் உள்ள உறவு.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயரை மாற்றுவேன், தெருவை மாற்றுவேன், வயதை, ஜாதியை, வேலையை எல்லாம் மாற்றுவேன். தடயத்தை மட்டும் மாற்ற மாட்டேன். தடயம் நிஜத்தில் பார்த்ததாக இருக்க வேண்டும். உட்கார்ந்து கற்பனை செய்த தடயத்தை வாசகர் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார். அலுவலகத்தில் ஒருவர் வலது கை மணிக்கட்டில் வாட்ச் கட்டுவதை நிறுத்தினால், பால் பாக்கெட் இரண்டு நாள் ஒரு வீட்டு வாசலில் கிடந்தால், அது எனக்கு. குறித்து வைத்துக்கொள்வேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன்.

மகள் பத்தாவது படித்தபோது ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று போனாள். மாலையில் வந்தாள். நான் துணி எடுக்க மாடிக்குப் போனபோது அவளுடைய சாக்ஸ் துவைத்துக் கொடியில் தொங்கியது. குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத பெண். சாக்ஸைக் கையில் எடுத்து உள்பக்கம் திருப்பினேன். விரல் நுனித் தையலில் மணல் இருந்தது. பொடி மணல், வெளுப்பாக.

வேறு ஊர்த் தாயாக இருந்தால் தட்டிவிட்டு மடித்து வைத்திருப்பாள். இந்த ஊரில் அப்படி விட முடியாது. அவள் பள்ளிக்கூடம் டவுனில், கடற்கரைச் சாலைக்கு அருகில். ஆனால் எங்கள் கடற்கரைச் சாலையில் மணல் கிடையாது. வெறும் கருங்கல். பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்தால் பாவாடையில் கறை படியும், காலில் மணல் ஒட்டாது. அப்படியானால் எங்கே?

அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைப் பார்த்தேன். ஜாமெட்ரி பாக்ஸில் அடியில் போட்டிருந்த காகிதத்துக்குக் கீழே ஒரு டிக்கெட் இருந்தது. நோணாங்குப்பம் படகுத்துறை. அங்கிருந்து படகில் ஏறினால் கழிமுகத்தைத் தாண்டி மணல்திட்டுக் கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். டிக்கெட்டில் பேனாவால் எழுதியிருந்தது: நபர் 2.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. சொல்லாமல் படகில் போயிருக்கிறாள். அதைவிட, அந்த இரண்டு.

அவளிடம் கேட்கவில்லை. டிக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, கடலூர் பஸ் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்கி, நானும் ஒரு டிக்கெட் வாங்கிப் படகில் போய் அந்த மணலை ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தேன். சாக்ஸ் மணலோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். அன்று எனக்கு வந்தது பயம் மட்டுமல்ல. சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சின்ன சந்தோஷமும் வந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஏன் கேட்கவில்லை? என் கதைகளில் வரும் இன்ஸ்பெக்டர் சந்தேகப்படும் ஆளை உஷார்ப்படுத்த மாட்டார். கேட்டால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பாள், பேசாமல் கவனித்தால் தானே வெளியே வரும் என்று நினைத்தேன். பெற்ற பெண்ணிடம் அதைச் செய்தேன். ஒரு மாதம் கவனித்தேன். தினமும் சாக்ஸைத் திருப்பினேன். ஒன்றும் வரவில்லை. இருபதாம் தேதி நெருங்கியது.

நான்கு நாளில் எழுதினேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவளை ஏமாற்றிப் படகில் அழைத்துப் போகும் ஒருவன், துவைத்த சாக்ஸில் மணலைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்துவிடும் தாய். அவள் கேட்கலாம் என்று முடிவெடுக்கும் நாளில் பெண் வீடு திரும்புவதில்லை. எழுதும்போது அழுதேன். எழுதி முடித்ததும் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது. கேட்க வேண்டிய அவசியமே போய்விட்டதாகத் தோன்றியது. புத்தகம் ஒரு மாதம் கயிற்றில் தொங்கியது. பிறகு மற்ற புத்தகங்களைப்போலப் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

மகள் பிளஸ் டூ வந்த வருடம் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. டிவி தொடர் எடுக்கும் இயக்குநர். பஸ்ஸில் வாங்கிப் படித்தாராம், பதின்மூன்று வாரத் தொடராக எடுக்க ஆசைப்படுகிறாராம். பேசியவர் முதலில், "சார் இருக்காரா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "மேடமா?" என்றார். என் கணவர் பக்கத்தில் நின்று ரிசீவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக என் பார்சலைத் தபால் நிலையத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோனவர் அவர்.

"எந்தக் கதை?" என்று கேட்டேன்.

சொன்னார்.

நான் வேறு மூன்று கதைகளின் பெயர் சொன்னேன். ஒன்றில் ரயில் இருக்கிறது, டிவிக்கு நன்றாக இருக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். எங்கள் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தபடி, "சாக்ஸ்தான் மேடம் கதையே. அத படிச்சிட்டு எங்க வீட்டம்மா எம்பொண்ணு சாக்ஸ திருப்பிப் பாக்குறாங்க. அது உங்க சொந்த அனுபவமா?" என்றார்.

கணவர் சிரித்தார். "எங்க பொண்ணு ஸ்கூல் விட்டா வீடு சார். நீங்க வேற."

"கற்பனைதான்" என்றேன்.

மகள் உள்ளே அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது.

அந்த ஒரு வார்த்தையோடு நான் மாட்டிக்கொண்டேன். கதையைத் தர மாட்டேன் என்றால், ஏன் என்று கணவர் கேட்பார். காரணம் சொன்னால், மகள் படகில் போன சேதி அவருக்குப் போகும். சாந்தமான மனிதர்தான். ஆனால் சாந்தமானவர்கள் இந்த விஷயத்தில் என்ன செய்வார்கள் என்று நான் நிறைய எழுதியிருக்கிறேன். சொல்லாமல் விட்டால் அது திரையில் வரும், மகள் பார்ப்பாள். அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை, பையைக் குடைந்திருக்கிறாள், அதை விற்றும் இருக்கிறாள் என்று ஒரே நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் மகள், நடுவில் நான். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. கணவர்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து அங்கிருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்போம். தெருவிலேயே பெரிய டிவி அவர்கள் வீட்டில்தான். சொல்தா வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இத்தினி வருசமா பக்கத்துலயே உக்காந்து கொல பண்ணிக்னு இருந்திருக்க, ஒரு வார்த்த சொல்லல? எனக்குப் பயமாயிருக்குது. இனிமே உன் வீட்டுக் காபி குடிக்க மாட்டேன்" என்றார். குடித்துவிட்டுத்தான் போனார்.

நான் இயக்குநருக்குத் தொலைபேசினேன். சாக்ஸ் வேண்டாம், செருப்பாக மாற்றிவிடலாமா என்றேன்.

"செருப்புல மணல் எல்லார்கிட்டயும்தான் இருக்கும் மேடம். தடயமாவே இருக்காதே."

சரிதான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தலைமுடி ஈரம்? மழையில் நனைந்தேன் என்று சொல்லிவிடலாம். கிளிஞ்சல்? சினிமாத்தனம். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் மரியாதையாக வெட்டினார். என் சொந்தத் தொழிலே என்னை மடக்கியது. "ரொம்ப யோசிக்காதீங்க மேடம். நீங்க எழுதுனதுதான் பெஸ்ட்."

மகளிடம் முதலில் நாமே சொல்லிவிடலாம் என்று பல நாள் அவள் அறை வாசல்வரை போனேன்.

"பாப்பா, டிவில வரப்போகுதே, அந்தக் கதைல ஒரு எடம்..."

"அம்மா, கெமிஸ்ட்ரி."

"இல்ல, ஒரு நிமிசம்தான்."

"நாளைக்கு டெஸ்ட்மா. கொலகாரன் யாருன்னு நானே டிவில பாத்துக்குறேன். இப்பவே சொல்லிடாத."

சொல்லவில்லை. அவள் தந்த சாக்கை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

ஆவணி மாதத்தில் நோணாங்குப்பத்திலேயே படப்பிடிப்பு என்று சேதி வந்தது. கணவர் லீவு போட்டார். மகளுக்கு அன்று ஸ்டடி ஹாலிடே. "உங்க அம்மா எழுதுனத நாளைக்கு நாலு பேரு பேசி நடிக்கிறாங்க, நீ பாக்க வேணாமா?" என்று அவளைக் கிளப்பினார். சொல்தா வீட்டம்மாவும் குடையோடு வந்து ஆட்டோவில் ஏறினார். எனக்குத் தலைவலி என்றேன். "எழுத்தாளரே வரலன்னா எப்படி?" என்று கையைப் பிடித்து ஏற்றினார்கள்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அதன் மேடையில் சீருடை போட்ட நடிகை உட்கார்ந்திருந்தாள். என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவள் இரட்டைப் பின்னலில் இருந்தாள். அவள் சாக்ஸைக் கழற்றி உதற வேண்டும். உதறினாள். மணல் விழவில்லை. உதவி இயக்குநர் ஓடிவந்து கைப்பிடி மணலை உள்ளே போட்டார். மறுபடி உதறினாள். கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"சாக்ஸா அது, சிமெண்டு மூட்டையா?" என்றார் சொல்தா வீட்டம்மா சத்தமாக. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். மகளும் சிரித்தாள். கையில் சுண்டல் பொட்டலம் வைத்திருந்தாள்.

அடுத்த ஷாட்டுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. நடிகை அடியில் இருந்த காகிதத்தைத் தூக்கி, டிக்கெட்டை வைத்து மூடினாள். கேமராவைக் கிட்டக் கொண்டுபோனார்கள். உதவி இயக்குநர் டிக்கெட்டை உயர்த்தி எங்களுக்கும் காட்டினார். பேனாவால் எழுதியிருந்தது: நபர் 2.

நான் மகளைப் பார்க்கவில்லை. சுண்டல் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் விரல்கள் அசையவில்லை.

"இந்த புக்க எப்பம்மா எழுதுன?"

"நீ டென்த் படிக்கும்போது."

"ம்."

கணவரும் சொல்தா வீட்டம்மாவும் நடிகையோடு போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் காரிலிருந்து இறங்கித் தலையைக் கோதிக்கொண்டு வந்தான்.

"இவன் யாரு?" என்று கேட்டாள்.

"கதைல... அவள கூட்டிட்டுப் போறவன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டுன்னு எழுதியிருந்ததும் உனக்குப் பையன்தான் தோணிச்சா?"

பிறகு அவளே சொன்னாள்.

அவள் கூடப் போனது வைத்திக்குப்பத்துப் பெண். மகளோடு ஆறாவதிலிருந்து ஒன்றாகப் படித்தவள். எனக்கும் நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காகிதத்தில் கருவாடு கொண்டுவருவாள். அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது. ஆனால் வீட்டுப் பெண்களை அதில் ஏற்ற மாட்டார்கள். பொறந்ததிலிருந்து படகைத் தொட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். கடல் வந்து போனபின் அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, கடலூர்ப் பக்கம் உறவில் கல்யாணம் பேசிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு தரம் படகில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இரண்டு பேரும் போனார்கள். மூன்று மணி நேரம். அவ்வளவுதான்.

"ஏறுனதும் வாந்தி எடுத்துட்டாம்மா" என்றாள் மகள். "மீன்காரர் பொண்ணு. படகுக்காரரு சிரிச்சிக்கிட்டே இருந்தாரு."

அந்தப் பெண் படகில் போவதற்கு முந்தைய நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்ததும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் நான் அந்த மாதப் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். "போய்ட்டு வரேன் ஆன்ட்டி" என்று வாசலில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். தலையை நிமிர்த்தாமல் "சரிம்மா" என்றேன். தடயம் தேடித் தெருத்தெருவாக அலைபவள் நான்.

"சொல்லியிருக்கலாமே பாப்பா" என்றேன்.

"டிக்கெட்ட நீ தலகீழா வச்சிருந்த" என்றாள். "எழுத்து மேல் பக்கமா வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழம பாக்குறேன், கீழ் பக்கமா இருக்குது. சரி, அம்மா பாத்துட்டாங்க, இன்னிக்கு கேப்பாங்கன்னு இருந்தேன். அடுத்த நாளும் பாத்தேன். ரெண்டு வாரம் பாத்தேம்மா. அப்புறம், அம்மா நம்மள நம்பி விட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

சுண்டலை மடித்து என் கையில் கொடுத்தாள். "ரொம்ப பெரிய மனசுன்னு நெனச்சேன் உன்ன."

கணவர் தூரத்தில் இருந்து கையசைத்துக் கூப்பிட்டார். அவள் போய் நடிகையின் பக்கத்தில் நின்று, போட்டோவுக்குச் சிரித்தாள். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் ஹாலில் இருக்கிறது.

மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வந்தவள் நேராக அறைக்குப் போகவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு வந்து, தாள்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, பையைக் கவிழ்த்தாள். நோட்டு, டிபன் பாக்ஸ், கைக்குட்டை, ஹேர்பின், எல்லாம். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து அடிக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். சாக்ஸைக் கழற்றி உள்பக்கம் திருப்பி நோட்டின் மேல் வைத்தாள்.

"என்ன பாப்பா இது?"

"பாத்துக்கம்மா. அப்புறம் நீயா ஒண்ணு எழுதிடுவ."

கோபமாகச் சொல்லவில்லை. சத்தமும் உயரவில்லை. பிறகு எல்லாவற்றையும் அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு படிக்கப் போனாள். அடுத்த நாளும் செய்தாள். அப்பா வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் செய்ய மாட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

தொடர் ஒளிபரப்பானது. சாக்ஸ் காட்சி வரும் வாரம் சொல்தா வீட்டுப் பெரிய டிவியில் பார்க்க எல்லோரும் போனோம். ஏழரை மணி. திரையில் தாய் வேடம் போட்டவர் சாக்ஸைத் திருப்பிக் கண்ணை உருட்டினார். பின்னணியில் வயலின் அலறியது.

"பலே! அம்மாக்காரி சரியான சிஐடி" என்றார் என் கணவர்.

"ஆமாப்பா" என்றாள் மகள்.

"ஆனா இந்தப் பொண்ணு இருக்குதே, இதுக்கு முதுகுத் தோல உரிக்கணும். என்னா நெஞ்சழுத்தம்!"

"ஆமாப்பா" என்றாள் மறுபடியும். சொல்தா வீட்டம்மா கொடுத்த கேக்கைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். வைக்கும்போது சத்தம் வந்தது. யாரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு என் புத்தகங்களின் அட்டையில் 'சின்னத்திரை புகழ்' என்று போட்டார்கள். பதிப்பாளர் மாதம் இரண்டு கேட்டார். "அம்மா பொண்ணு கதை இன்னொண்ணு குடுங்கம்மா, ஜனங்க கேக்குறாங்க" என்றார். பெட்ரோல் பங்க், சீட்டுக்கட்டு, செத்துப்போன மேனேஜர் என்று எழுதி அனுப்பினேன். நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும். வீட்டில் நடக்கும் எதையும் தொடக் கூடாது என்று உட்கார்ந்தால் பேனா நகர மறுத்தது. வேலையை விடவும் முடியவில்லை. ஏன் விடுகிறாய் என்று கணவர் கேட்பார்.

மாலையில் பை கவிழ்வது நிற்கவில்லை. "போதும் பாப்பா, பாக்க மாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் எனக்கு என் கண்ணைத் தெரியும். திரும்புவதற்குள் எண்ணிவிடும். புதிய பேனா ஒன்று. ஹேர்பின் இரண்டு குறைவு. கைக்குட்டையில் மை. அவளும் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு நாள் பையிலிருந்து விழுந்தவற்றில் கடலூர் பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. ஒளித்து வைத்தது இல்லை. நோட்டின் மேல் எழுத்து தெரியும்படி அவளே நேராக வைத்தாள். பள்ளிக்கூடம் நடக்கும் நாள். அங்கே போய்த் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும். என் தலைக்குள் இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்தார். ஸ்கூலுக்கு என்ன சொன்னாள்? யார் கூட? அவளும் அசையாமல் நின்றாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் இரண்டு வாரம் நின்றிருப்பாள்.

"எப்படி இருக்கா அவ?" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு" என்றாள். "கேட்டா. ஆன்ட்டி இன்னும் எழுதறாங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

அவள் டிக்கெட்டை எடுத்து நோட்டுக்குள் வைத்தாள், பையை அடுக்கினாள், உள்ளே போனாள்.

அன்று இரவு முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன், சொன்னாள், இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் நாலரை மணிக்கு மேசையில் தாள்கள் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் வந்தாள், ஷூவைக் கழற்றினாள், மேசைக்கு வந்து பையைக் கவிழ்த்தாள்.